அம்மாவின் பெயரில் ஏறாத கூலி

பட்டு நெசவு ஊரான ஆரணியில் இப்போது பொழுது விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்துவிடுகின்றன. செய்யாறு சிப்காட்டில் இருக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள் டிபன் பாக்ஸும் அடையாள அட்டையுமாக ஏறிக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் கைக்குழந்தையை மாமியாரிடமோ அம்மாவிடமோ விட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களைப் பார்த்து ஊரில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டோடு இருந்தார்கள், பிள்ளைகள் ஒழுங்காக வளர்ந்தார்கள். தறி வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்த எனக்கும் இதே பேச்சு வேறு வேறு வார்த்தைகளில் வந்திருக்கிறது. வேலைக்குப் போகிற எந்தத் தாயும் இதைக் கேட்காமல் தப்பியதில்லை. கேட்டுக் கேட்டு அதை உண்மை என்றே நம்பி, தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறாள். அந்த நம்பிக்கை தவறான நினைவின் மேல் நிற்கிறது என்பதுதான் என் வாதம். ஆரணியின் தாய்மார்கள் எந்தக் காலத்திலும் வெறுமனே வீட்டோடு இருந்ததில்லை. காலையிலிருந்து இரவுவரை தொழில் செய்தார்கள். அந்தத் தொழிலுக்கு அவர்கள் பெயரில் கூலி விழவில்லை, அவ்வளவுதான். இன்று வெளியே போகிற பெண் தாய்மையோடு புதிதாக ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. புருஷன் கூலிக்குள் புதைந்து கிடந்த தன் வேலையைத் தோண்டி எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தறி வீட்டைப் பார்க்காதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முன்கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அப்பா உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்து நாடாவை ஓட்டுவார். தெருவில் போகிறவர்களின் கண்ணுக்குத் தெரிவது அவர்தான். அதனால் நெசவாளி என்றால் அவர்தான். அந்த நாடாவுக்குள் இருக்கும் தார் தானாகச் சுற்றிக்கொண்டு வருவதில்லை. சாயம் போட்டு வந்த பட்டு நூலை ராட்டையில் போட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி மறு கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே இழையைப் பிடித்து, இறுக்கமும் கூடாமல் தளர்ச்சியும் வராமல் தாரில் ஏற்றுகிறவர் அம்மா. இறுக்கம் கூடினால் நாடா ஓடும்போது இழை அறும். தளர்ந்தால் துணியில் சுருக்கம் விழும். அந்த அளவு விரலுக்கு மட்டுமே தெரிந்த அளவு. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க, மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க, அம்மாவின் கை ராட்டையை விடாது. தறியில் தார் தீர்ந்தால் அப்பாவின் வேலை நின்றுவிடும் என்பதால், தார் தீரவே கூடாது என்பதுதான் அந்த வீட்டின் முதல் சட்டம்.

பழைய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதி, முடிந்து புதுப் பாவு ஏற்றும் நாள் இன்னும் கடினமானது. அச்சிலும் விழுதிலும் ஏற்கெனவே கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. பிறகு அடுத்த இழை. ஓர் இழை மாறிப் பிணைந்தால் அது ஒரு கோடாகச் சேலை முழுக்கத் தெரியும். கண் எரியும், கழுத்து இறுகும், முதுகு நிமிராது. இந்த வேலையைப் பல வீடுகளில் பெண்களே செய்தார்கள். பாவு தெருவில் நீளும் அதிகாலையில் அதை விரித்துப் பிடிப்பதற்கும், அறுந்த இழையைத் தேடி முடிவதற்கும் அவர்களே வந்தார்கள். அப்பா வெளியூர் போனால், உடம்பு சரியில்லாமல் படுத்தால், தறியிலும் அவர்களே உட்கார்ந்தார்கள். சேலை முடிந்து கூட்டுறவு சொசைட்டிக்கோ முதலாளியிடமோ போகும்போது, கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கணக்காகும். தார் சுற்றியதும் பாவு பிணைத்ததும் அதற்குள் அடக்கம். அந்த ‘அடக்கம்’ யாருடைய உழைப்பு என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை. கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவது பெரும்பாலும் வீட்டின் ஆண். முதலாளியிடம் வாங்கிய முன்பணக் கடன் மட்டும் வீட்டிலிருந்த எல்லோர் தலையிலும் ஏறியது.

இது ஆரணிக்கு மட்டும் உரிய கதை இல்லை. 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டு ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது இதே பேரேட்டைத்தான் கண்டார். மக்கள் கணக்கெடுப்பில் பெண்ணின் தொழில் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதி முடித்திருந்தார்கள். அவள் வயலில் புருஷனோடு உழைத்ததும், வீட்டிலேயே நெய்ததும், கடையில் நின்றதும் அந்த ஒற்றை வார்த்தைக்குள் போய்விட்டன. அவற்றையெல்லாம் எடுத்துக் கணக்கில் சேர்த்தபோது, 1890-களின் இறுதியில் வேலை செய்த மணமான பெண்களின் விகிதம் அரசுப் பதிவில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. தொழில் வீட்டை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனபோதுதான் பெண்ணின் பங்கு குறைந்தது, பிறகு படிப்பும் அலுவலக வேலையும் வந்தபோது திரும்ப ஏறியது என்பது அவர் காட்டிய வரைபடம். நம் நாட்டிலும் 1988-இல் இலா பட் தலைமையிலான ஆணையம் கொடுத்த ‘ஷ்ரம்சக்தி’ அறிக்கை, வீட்டுக்குள் உட்கார்ந்து உழைக்கும் பெண்கள் கணக்கிலிருந்தே காணாமல் போவதைப் பக்கம் பக்கமாகச் சொன்னது. 1991 மக்கள் கணக்கெடுப்பில்தான், குடும்பத் தொழிலிலும் நிலத்திலும் கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்துக் கேளுங்கள் என்று கேள்வியிலேயே எழுதினார்கள். கேட்கிற விதம் மாறினால் வேலை செய்கிற பெண்களின் தொகை மாறுகிறது. பெண் மாறவில்லை, கேள்வி மாறியது.

2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்றும், அவர்களில் 72 சதவீதம் பெண்கள் என்றும் சொல்கிறது. இந்த எண்ணை அப்படியே ஆரணிக்குக் கொண்டுவருவது சரியாக இருக்காது. அஸ்ஸாமிலும் வடகிழக்கின் மற்ற மாநிலங்களிலும் தறியில் உட்காருவதே பெண்களின் வழக்கம். மொத்தக் கணக்கில் அவர்கள் பங்கு மிகப் பெரியது. நம் பட்டுத் தறிகளில் குழிக்குள் உட்காருகிறவர் பெரும்பாலும் ஆண். ஆனாலும் அந்தக் கணக்கெடுப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. நெய்கிறவர்களைத் தனியாகவும், தார் சுற்றுவது, பாவு பிணைப்பது போன்ற துணை வேலை செய்கிறவர்களைத் தனியாகவும் எண்ணி, அவர்களையும் தொழிலாளர் என்றே எழுதியது. கணக்கெடுக்க வந்தவரின் தாளில் என் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. கூலிச் சீட்டில் அந்த இடம் இன்னும் வரவில்லை.

இதற்கு எதிராக முதலில் வருகிற கேள்வி நியாயமானது. பெயர் ஏறாவிட்டால் என்ன, பிள்ளை கண் முன்னால் இருந்ததே, பசித்தால் உடனே எடுத்துப் பால் கொடுக்க முடிந்ததே என்கிறார்கள். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். கைக்குழந்தைக்கு அம்மாவின் உடம்புச் சூடு பக்கத்தில் இருந்தது பெரிய விஷயம். காலை ஆறு மணிக்கு பஸ் ஏறுகிற பெண் அதை இழக்கிறாள். ஆனால் கண் முன்னால் இருப்பது வேறு, கவனிக்கப்படுவது வேறு. தறி வீட்டில் அம்மா எப்போதும் இருந்தார். எப்போதும் வேலையில் இருந்தார். தார் தீரும் சத்தத்துக்குத் திரும்புகிற காது பிள்ளையின் கேள்விக்குத் திரும்பாது. தறிக்கு விடுமுறை இல்லை, மூடும் நேரம் இல்லை. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி நெசவு நின்றால்கூட அது ஓய்வு ஆகாது. வருமானம் நின்ற கவலை வந்து உட்காரும். 2020-இல் கொரோனா ஊரடங்கில் கணினி வேலை பார்க்கும் பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியபோது, வேலை எங்கே முடிகிறது வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்று புலம்பினார்கள். தறி வீட்டுப் பெண்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி.

பிள்ளைகள் பக்கத்தில் இருந்ததன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் இருந்த பிள்ளைதான் தார் எடுத்துக் கொடுத்தது, இழை முடிந்தது, கரையை இணைக்க நாடாவை எதிர்ப்பக்கம் வாங்கிக் கொடுத்தது. காஞ்சிபுரம் உட்பட நாட்டின் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் உழைத்ததைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து பாடுபட்டுத்தான் அந்த நிலை மாறியது. ஆனாலும் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். மாலை நேரத்தில் தறிக்குப் போகும் பிள்ளை மறுநாள் காலை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். அம்மா வேலையோடு வீட்டில் இருந்தால் பிள்ளை படிப்பான் என்பது உறுதியில்லை. வீட்டில் வேலை இருந்தால், அந்த வேலை பிள்ளையையும் இழுத்துக்கொள்ளும் என்பதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

அடுத்த எதிர்ப்பு இன்னும் ஆழமானது, எனக்கும் பதில் சொல்லக் கடினமானது. தன் பெயரில் கூலி வாங்குவதுதான் நிறைவு என்றால், காலணி ஆலையில் நாள் முழுக்க ஒரே தையலைப் போடுகிற பெண்ணுக்கு என்ன நிறைவு, பட்டில் கை வைத்தவளுக்கு இருந்த நிறைவு அதில் ஏது என்று கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பாவு பிணைத்து முடிந்து முதல் சில அங்குலங்கள் இழை அறாமல் ஓடுவதைப் பார்க்கும்போது அம்மாக்களின் முகத்தில் வரும் மலர்ச்சியைத் தறி வீட்டில் வளர்ந்த எல்லோரும் அறிவோம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு எடையும் விலையும் குறைந்த தன் சேலையால் இந்த ஊர் தனிப் பெயர் வாங்கியதற்கும் அந்தக் கைகள்தான் காரணம். தொழிற்சாலையில் ஒரு முழுச் செருப்பை எந்தப் பெண்ணும் தனியாகச் செய்து பார்ப்பதில்லை. இலக்கு எண்ணை எட்டுவதிலேயே நாள் போகிறது. தொழிற்சாலை வேலை உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலையில் கிடைக்கும் இன்பமும் வாழ்க்கையில் கிடைக்கும் நிறைவும் ஒன்றல்ல. கைக்கு இன்பம் தந்த வேலை, பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்குக்கூடப் புருஷனிடம் கேட்க வைத்தது. இன்பம் குறைந்த இந்த வேலை, அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கையும், பி.எஃப். எண்ணையும், இ.எஸ்.ஐ. அட்டையையும் கொடுக்கிறது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வேலையின் இன்பத்தைத் தேடிப் போனவர்கள் இல்லை. மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போது தன் குரலுக்கு எடை வர வேண்டும் என்பதற்காகப் போனவர்கள் நிறையப் பேர். அதை நிறைவு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

என்னைப் போன்ற சம்பளக்காரப் பெண்களின் நிறைவைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். அது எங்கள் திறமையால் மட்டும் வந்ததில்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு என்றார்கள். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. பிள்ளை நடக்கத் தொடங்கும் வரை அதன் பக்கத்தில் இருந்துவிட்டு, வேலையும் போகாமல், பதவி உயர்வும் தடைபடாமல் திரும்பி வருகிற பெண் தொழிலையும் தாய்மையையும் பற்றி அமைதியாக யோசிக்க முடிகிறது. அதே தெருவில் தார் சுற்றுகிறவளுக்குப் பிரசவம் ஆனால் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் கிடைக்கும். நல்ல திட்டம், 1987-இலிருந்து இந்த மாநிலம் அதை விடாமல் வளர்த்து வந்திருக்கிறது. ஆனால் அது உதவித் தொகை. அவள் ஒரு தொழிலாளி, பிரசவத்துக்காக வேலையிலிருந்து விலகுகிறாள், அந்த நாட்களின் கூலியை யாரோ ஈடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. அவளுக்கு முதலாளி யார் என்ற கேள்விக்கே பதில் இல்லாததால் விடுப்பு கேட்க ஆள் இல்லை. வீட்டில் உழைப்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைகள் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

வெளியே போனாலும் வீட்டு வேலை குறைகிறதா, இரட்டைச் சுமைதானே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், இரட்டைச் சுமைதான். 2024-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம். அந்த ‘ஈடுபட்ட’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களில் ஐந்தில் நான்கு பேர் ஈடுபட்டார்கள். ஆண்களில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக. மற்ற ஆண்கள் ஒரு நிமிடம்கூடச் செய்யவில்லை. இரட்டைச் சுமைக்குத் தீர்வு, இரண்டில் ஒன்றான வேலையை விட்டுவிடுவது என்று பெண்ணிடம் மட்டும் சொல்வது எந்த நியாயமும் இல்லாதது. சுமையின் இரண்டாவது பாதியைத் தூக்க வேண்டிய கை சும்மா இருக்கிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. அந்தக் கை அசையாதபோது பாரம் யார் மேல் இறங்குகிறது என்பதையும் மறைக்கக் கூடாது: பாட்டிமார்கள் மேல். தன் பிள்ளைகளைத் தறியோடு வளர்த்துக் களைத்தவர், அறுபது வயதில் பேரப் பிள்ளையின் பின்னால் ஓடுகிறார். மகளின் நிறைவுக்குத் தாயின் முதுகு ஈடாகிறது. ஆசையோடுதான் செய்கிறார்கள் என்பதால் அது உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது. அந்த ‘ஆசை’யைச் சொல்லித்தான் அவர்களின் தறி உழைப்பையும் கணக்கில் சேர்க்காமல் விட்டோம்.

வீட்டுக்கு வெளியே சில ஏற்பாடுகள் மாறினால் வீட்டுக்குள் எவ்வளவு மாறும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார் என்று மேலே இருந்து பார்த்தால் சின்ன விஷயம். தறி வீட்டிலும் ஆலைக்குப் போகிற வீட்டிலும் காலை எட்டு மணிக்குள் ஒரு தாயின் தலையிலிருந்து இறங்குகிற பாரம் அது. முதல் பாடவேளையில் பிள்ளைகளின் முகம் தெளிந்திருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு டெஸ்க்கில் சாய்வது குறைந்திருக்கிறது. அம்மா கையால் சாப்பிடுவது போகிறதே, தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பை அரசு பிரிக்கிறதே என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவசர அவசரமாக ஊட்டிவிட்டுத் திட்டி அனுப்புகிற பத்து நிமிடத்தைப் பிணைப்பு என்று நான் கருதவில்லை. அந்தப் பத்து நிமிடம் தலை வாரிவிடவும் பேசவும் மிச்சமானால் அதில்தான் பிணைப்பு இருக்கிறது. 2021 மே மாதம் வந்த, பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் இப்படித்தான். வேலைக்குப் போகும் செலவைச் சொல்லி வேலையை நிறுத்தும் பேச்சுக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. இதே வரிசையில் சேர்க்கத் தக்கது 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசே சொல்லி, ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் சொந்தக் கணக்கில் மாதா மாதம் போடுகிறது. அதற்கு உதவி என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னும் வராதது குழந்தைக் காப்பகம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஐம்பது ஊழியர்கள் இருந்தால் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தமும் சொன்னது. ஆனால் ஆலை இருக்கும் இடத்தில் காப்பகம் வைத்தால், விடியற்காலைப் பனியில் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் பஸ்ஸில் போக யாருக்கும் மனம் வராது. காப்பகம் குழந்தை இருக்கும் தெருவில் இருக்க வேண்டும். இரண்டு வயது நிறையாத பிள்ளையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆலையின் ஷிப்ட் நேரத்துக்குத் திறந்து மூட வேண்டும். தார் சுற்றும் பெண்ணும் அங்கே தன் பிள்ளையை விடலாம். அங்கன்வாடிகளை இந்த நாடு 1975-இலிருந்து கட்டி வைத்திருக்கிறது. கட்டடம் இருக்கிறது, நேரமும் கூடுதல் பணியாளரும்தான் தேவை.

கடைசியாக ஓர் அச்சம் மிஞ்சுகிறது, அதைச் சொல்கிறவர்கள் இந்த ஊரை நேசிக்கிறவர்கள். பெண்களெல்லாம் ஆலைக்குப் போனால் தறி நின்றுவிடும். துணை வேலைக்கு ஆள் வைத்தால் நெசவாளிக்குக் கட்டுப்படியாகாது. ஆரணிப் பட்டு அழிந்துவிடும் என்கிறார்கள். அவர்கள் தங்களை அறியாமலே என் வாதத்தை ஒப்புக்கொள்கிறார்கள். கூலி வாங்காத பெண் போய்விட்டால் ஒரு தொழிலே நிற்கும் என்றால், அந்தத் தொழிலை இத்தனை காலம் தாங்கியவள் அவள்தான். 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு சொத்து வழக்கில் தீர்ப்பளித்தபோது, கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது, அவருக்கும் சம பங்கு உண்டு என்றார். வெறும் வீட்டு வேலைக்கே அது பொருந்துமென்றால், சேலையின் ஒவ்வொரு இழையிலும் கை பட்டவளுக்கு எவ்வளவு பொருந்தும்? கூட்டுறவு சங்க உறுப்பினர் அட்டையில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். சேலைக் கூலியை உடைத்து, நெசவுக்கு இவ்வளவு, தார் சுற்ற இவ்வளவு, பாவு பிணைக்க இவ்வளவு என்று தனித் தனி வரியாக எழுதி, யார் செய்தாரோ அவர் வங்கிக் கணக்கில் போடட்டும். முதலாளிகளிடம் வேலை வாங்கும் தறிகளுக்கும் இதே விதி வேண்டும். பட்டும் ஜரிகையுமே ஒரு சேலை விலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன; அவற்றின் விலை ஏறும்போதெல்லாம் அதை வாடிக்கையாளர் தலையில் வைக்கக் கடைக்காரர்கள் தயங்கியதில்லை. பாவு பிணைக்கும் பெண்ணின் கூலிக்காக ஒரு கல்யாணச் சேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னால், அதைக் கட்டிக்கொள்ளப் போகிற மணப்பெண்ணின் வீட்டார் மறுப்பார்கள் என்று நான் நம்பவில்லை.